ஈயடிச்சான் உத்தரவுகள்

வருமான வரித் துறையின் அந்தப் படிவத்தில் 8-வது கேள்வி இதுதான்: பழைய கணக்கைத் திரும்பத் திறந்து நோட்டீஸ் அனுப்பத் தகுந்த வழக்கு என்று கமிஷனர் திருப்தி அடைகிறாரா? கேள்விக்கு எதிரே கமிஷனர் ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் எழுதினார்: 'யெஸ்'. கீழே கையெழுத்திட்டார். ஃபைல் நகர்ந்தது. பீகாரில் ஒரு வியாபாரிக்கு நோட்டீஸ் போனது.

வியாபாரி சும்மா இருக்கவில்லை. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை வந்தது. 1971-ல் தீர்ப்பெழுதிய நீதிபதி கே.எஸ். ஹெக்டே, கீழ் அதிகாரியின் அறிக்கையையும் கமிஷனரின் அனுமதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அறிக்கையில் உருப்படியான காரணம் எதுவும் இல்லை. கடன் கொடுத்ததாகச் சொல்லப்படுகிறவர்கள் வெறும் பெயர் இரவல் தருபவர்களாக இருக்கலாம், விசாரிக்க வேண்டும் என்கிற அளவுக்குத்தான் இருந்தது. அதைக் கமிஷனர் ஒருமுறை நிதானமாகப் படித்திருந்தாலே அனுமதி மறுத்திருப்பார் என்பது நீதிமன்றத்தின் கருத்து. அவர் அனுமதி தந்த விதத்தைக் குறிக்க நீதிபதி தேர்ந்தெடுத்த ஆங்கில வினையடை, 'மெக்கானிக்கலி'. நோட்டீஸ் ரத்தானது.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் வருமான வரித் துறையில் அந்தச் சொல்லுக்கு வேலை குறையவில்லை. 2024-ல் தில்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு ஒன்றில், சோதனைக்குப் பிந்தைய வரி விதிப்பு உத்தரவுகள் 43-க்கு மேலதிகாரி ஒரே நாளில் ஒப்புதல் தந்திருந்தது தெரியவந்தது. எட்டு மணி நேர வேலை நாளில் ஒரு வழக்குக்குச் சுமார் 11 நிமிஷம் விழுகிறது. காபி, சாப்பாட்டு நேரத்தைக் கழிக்காமலே இந்தக் கணக்கு. அத்தனை ஆவணங்களையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டார் என்பதை நீதிபதிகள் நம்பத் தயாராக இல்லை.

இந்திய நீதிமன்றங்களில் மிக அதிகமாகப் புழங்கும் கண்டனச் சொற்களில் இது ஒன்று. ஜாமீன், கைது, தடுப்புக் காவல், நில ஆர்ஜிதம், ஊழல் வழக்குக்கான அனுமதி, வேலை நீக்கம் என்று அரசாங்கம் கையெழுத்துப் போடும் இடங்களில் எல்லாம் இது நுழைந்து பார்க்கிறது. பெரும்பாலும் தனியாக வராது. 'வித்தவுட் அப்ளிகேஷன் ஆஃப் மைண்ட்' என்ற தொடரைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் வரும். மனதைச் செலுத்தாமல், இயந்திரத்தனமாக. இந்த இரட்டையர், இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து இங்கே வந்த சொத்து போலத் தோன்றினாலும், லண்டனில் இதே பொருளில் இவர்களுக்கு இவ்வளவு செல்வாக்குக் கிடையாது. அங்கே 1947-ல் ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்கு 15 வயதுக்குட்பட்ட சிறுவர்களை விடக்கூடாது என்று வெட்னஸ்பரி நகராட்சி விதித்த நிபந்தனை மீது நடந்த வழக்கில் பிறந்த அளவுகோல்தான் பிரசித்தம்: விவேகமுள்ள எந்த அதிகாரியும் எடுக்க முடியாத முடிவா என்று அது கேட்கும். இந்திய நீதிபதி கேட்பது வேறு. முடிவு நல்லதா கெட்டதா என்பதற்கு முன்பே, முடிவெடுக்கும்போது அந்த மனிதர் அங்கே இருந்தாரா என்று கேட்கிறார்.

ஆங்கிலத்திலும் இந்தச் சொல் நெடுநாள் சாதாரணமாகத்தான் இருந்தது. 'மெக்கானிக்கல்' என்றால் ஷேக்ஸ்பியர் காலத்தில் கையால் உழைத்துப் பிழைப்பவன். அவருடைய 'எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்' நாடகத்தில் ஏதென்ஸ் பிரபுவின் கல்யாணத்துக்கு நாடகம் போடக் கிளம்பும் நெசவாளி, தச்சன், தையற்காரன் கூட்டத்தைக் கேலியாகச் சுட்டும் பெயர் அதுதான். கைத்தொழிலிலிருந்து இயந்திரத்துக்கும், இயந்திரத்திலிருந்து யோசிக்காத மனிதனுக்கும் சொல் மெல்ல இடம் பெயர்ந்தது. இன்றும் சட்டப் புத்தகத்திலேயே அதற்கு நல்ல வாழ்வு ஒன்று இருக்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், இயந்திர விசையால் ஓடும் வண்டி என்பதற்கு இதே வினையடையைத்தான் வைத்திருக்கிறது. லாரி 'மெக்கானிக்கலி' ஓடினால் பதிவெண் கிடைக்கும். அதிகாரி 'மெக்கானிக்கலி' ஓடினால் அவரது உத்தரவு ரத்தாகும். இதில் ஓர் அநியாயமும் உண்டு. நின்றுபோன வண்டியின் பானெட்டைத் திறந்து, சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் சாலையோர மெக்கானிக்கைப் போல மனதைச் செலுத்தி வேலை செய்பவர்கள் அரசாங்க அலுவலகங்களில் குறைவு. அவருடைய தொழிற்பெயர்தான் வசைச்சொல்லாகிவிட்டது.

யோசிக்காமல் செய்வதைச் சொல்ல ஆங்கிலத்தில் வினையடைகளுக்குப் பஞ்சமில்லை. ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் போட்டால்தான் சங்கடம். 'ராஷ்லி' என்பது எடுத்தோம் கவிழ்த்தோம் என்று செய்வது. ஆபத்து தெரிந்தும் துணிவது. பேருந்து ஓட்டுநர் மீது தண்டனைச் சட்டம் சுமத்தும் குற்றம் அது. அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததற்கான 304-ஏ பிரிவு 1870-ல் சேர்க்கப்பட்டபோதே அந்தச் சொல்லின் பெயரெச்ச வடிவம் அதில் இருந்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவிலும் இருக்கிறது. 'இனட்வெர்ட்டன்ட்லி' என்றால் கை தவறுதல். செய்ய நினைக்கவே இல்லை. 'ப்ளைண்ட்லி' என்பது கண்ணை மூடிக்கொண்டு, அதாவது எவரையோ எதையோ நம்பி. 'கேஷுவலி' என்பதில் அலட்சியம் இருக்கிறது. ஏனோதானோ என்று தமிழில் சொன்னால் மிகச் சரியாக விழும். 'மெக்கானிக்கலி' செய்பவரிடம் அவசரமும் இல்லை, அலட்சியமும் தெரியாது. அவர் ஒழுங்காக நேரத்துக்கு வருகிறார். படிவத்தை முழுமையாக நிரப்புகிறார். முத்திரையைச் சரியான இடத்தில் குத்துகிறார். மனம் மட்டும் வருகைப் பதிவேட்டில் இல்லை.

'ஆட்டோமேட்டிக்கலி' என்பதோடுதான் இதை அதிகமாகக் குழப்புகிறார்கள். மனிதர் யாரும் கைவைக்காமல், தானாகவே நடப்பது அது. சிவில், கிரிமினல் வழக்குகளில் தரப்பட்ட இடைக்காலத் தடை ஆறு மாதத்தில் தானாகவே காலாவதியாகும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொன்னபோது பயன்படுத்த வேண்டிய சொல் அதுதான். அப்படித் தானாகக் காலாவதியாகக் கூடாது என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2024 பிப்ரவரி 29-ல் அந்தத் தீர்ப்பை மாற்றியது. 'மெக்கானிக்கலி' நடப்பதற்கு ஒரு மனிதர் கட்டாயம் வேண்டும். யோசிக்கக் கடமைப்பட்ட மனிதர். அவர் இல்லாவிட்டால் குற்றச்சாட்டே இல்லை.

தமிழில் நீதிமன்றச் செய்தி எழுதுபவர்கள் 'இயந்திரத்தனமாக' என்றும் 'இயந்திர கதியில்' என்றும் எழுதுகிறார்கள். புரிகிறது, ஆனால் உறைப்பதில்லை. 'இயந்திர கதி' வேகத்தையும் குறிக்கும் என்பதால் வாசகர் ஓர் அதிகாரி சுறுசுறுப்பாக வேலை செய்ததாகக்கூட நினைக்க வாய்ப்பிருக்கிறது. பேச்சுத் தமிழில் 'கடனே என்று' இருக்கிறது. 'கைபோன போக்கில்' இருக்கிறது. மேலிடம் சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டுபவருக்குப் பூம்பூம் மாடு இருக்கிறது. இந்தியில் அச்சடித்த கோட்டை விட்டு நகராதவரை 'லகீர் கா ஃபகீர்' என்பார்கள். எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் சொல் 'ஈயடிச்சான் காப்பி'.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு குமாஸ்தாவிடம் பழைய கணக்கேட்டைக் கொடுத்து அச்சு அசலாக நகலெடுக்கச் சொன்னார்கள். ஒரு பக்கத்தில் ஓர் ஈ செத்து ஒட்டிக்கொண்டிருந்தது. குமாஸ்தா மெனக்கெட்டு ஓர் ஈயைப் பிடித்து அடித்து, புதிய ஏட்டில் அதே பக்கத்தில் அதே இடத்தில் ஒட்டினார். இந்தியில் 'மக்கீ பர் மக்கீ மார்னா', மராத்தியில் சமஸ்கிருத மிடுக்கோடு 'மக்ஷிகா ஸ்தானே மக்ஷிகா'. எந்த ஊர் கச்சேரியில் நடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இத்தனை மொழிகளில் ஒரே ஈ செத்துக் கிடப்பதைப் பார்த்தால், நாடு முழுவதும் குமாஸ்தாக்கள் ஒரே மாதிரி இருந்திருக்கிறார்கள் என்று கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த ஈ அரசாங்க உத்தரவுகளில் அடிக்கடி அகப்படுகிறது. 1966-ல் ஒரிசாவிலிருந்து வந்த ஒரு தடுப்புக் காவல் வழக்கு. இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் ஒருவரைச் சிறையில் வைத்த உத்தரவில் பொதுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, வெளிநாட்டு உறவு, ராணுவ நடவடிக்கை என்று ஆறு காரணங்கள் அடுக்கப்பட்டிருந்தன. ஒரு மனிதர் இத்தனைக்கும் ஏக காலத்தில் ஆபத்தாக இருப்பது எப்படி? உத்தரவுக்குப் பொறுப்பான மந்திரியே நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில் இரண்டு காரணங்களைத்தான் சொன்னார். மீதி நான்கும் எங்கிருந்து வந்தன? சட்டப் பிரிவில் இருந்த பட்டியலை யாரோ அப்படியே இறக்கிவைத்திருந்தார்கள். ஆறில் எது பொருந்தும் என்று மந்திரி யோசிக்கவே இல்லை என்று முடிவு செய்து உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது.

1972-ல் மேற்கு வங்காள வழக்கு ஒன்றில் ஈ இன்னும் சிறியது. ஓர் இணைப்புச் சொல். நாட்டின் பாதுகாப்புக்கு 'அல்லது' பொது ஒழுங்குக்கு எதிராக நடப்பதைத் தடுக்க என்று உத்தரவில் இருந்தது. இதற்கா, அதற்கா? அதிகாரிக்கு நிச்சயமில்லை என்றால் காவலில் வைக்க அவருக்கு அதிகாரமில்லை. நிச்சயம் இருந்தது என்றால் அந்த 'அல்லது' சட்டப் புத்தகத்திலிருந்து யோசிக்காமல் பெயர்த்தெழுதப்பட்டது. எப்படிப் பார்த்தாலும் உத்தரவு நிற்கவில்லை. ஒரு 'அல்லது' ஒரு மனிதருக்குச் சிறைக் கதவைத் திறந்துவிட்டது.

சொல் இலக்கணம் போலத் தோன்றும் இந்த விவகாரத்துக்குப் பின்னால் இருப்பது பெரிய விஷயம். தடுப்புக் காவல் என்பது குற்றம் செய்ததற்காக அல்ல, செய்யக்கூடும் என்பதற்காக ஒருவரைச் சிறையில் வைப்பது. வழக்கு இல்லை, சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. இருப்பதெல்லாம் ஓர் அதிகாரியின் மனத் திருப்தி. அந்தத் திருப்தி சரியா தவறா என்று நீதிமன்றங்கள் பொதுவாக எடைபோடுவதில்லை. திருப்தி என்று ஒன்று இருந்ததா என்று மட்டும் பார்க்கும். உள்ளே இருப்பவருக்கு மிஞ்சிய ஒரே வாசல் அது. மனமே செலுத்தப்படவில்லை என்றால் திருப்திக்கு இடமேது?

இந்த வாசலைத் திறந்ததில் வெள்ளைக்கார ஆட்சிக் காலத்துக்குப் பங்குண்டு. இரண்டாம் உலகப் போரின்போது வங்காளத்தில், தொழிற்சங்கத் தலைவர் சிப்நாத் பானர்ஜியும் வேறு பலரும் காவலில் வைக்கப்பட்டார்கள். வழக்கு நடந்தபோது உள்துறை அதிகாரி ஒருவர் பிரமாணப் பத்திரத்தில் ஓர் உண்மையை வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். போலீஸ் கைது செய்து பரிந்துரையும் அனுப்பினால், காவல் உத்தரவு வழக்கப்படி உடனே பிறப்பிக்கப்படும், பரிசீலனை பிறகுதான். அப்படி ஒரு பொது ஆணையே இருந்தது. அரசாங்கம் திருப்தி அடைய வேண்டிய இடத்தில் போலீஸ் திருப்தி அடைந்தால் போதும் என்று அர்த்தம். 1943-ல் ஃபெடரல் கோர்ட்டும் 1945-ல் லண்டன் பிரிவி கவுன்சிலும் இப்படி வழக்கத்தின்படி பிறந்த உத்தரவுகளை ஏற்கவில்லை. ஆண்டுகொண்டிருந்த அரசாங்கத்தின் உத்தரவை, அதுவும் போர்க்காலத்தில்.

சுதந்திர இந்தியாவில் அந்த வாசல் ஒருமுறை சாத்தப்பட்டது. 1975 ஜூன் 25 இரவு ஜனாதிபதி ஃபக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டபோது மந்திரி சபை கூடியிருக்கவில்லை. அது கூடி ஒப்புதல் தந்தது மறுநாள் காலையில். அந்த ஆண்டு டிசம்பரில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' பத்திரிகையில் கேரளத்துக்காரரான கார்ட்டூனிஸ்ட் அபு ஆபிரகாம் வரைந்த படத்தில், ஜனாதிபதி குளியல் தொட்டியில் இருந்தபடியே அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டு நீட்டுகிறார். 'மெக்கானிக்கலி' என்ற சொல்லுக்கு யாராவது படம் போட்ட அகராதி தயாரித்தால் இதைவிட நல்ல படம் கிடைக்காது. அந்த மாதங்களில் 'மிசா' சட்டத்தில் கைதானவர்கள் விஷயத்தில், முதலில் கையெழுத்து, பிறகு காரணம் என்ற வரிசையில் உத்தரவுகள் பிறந்ததை ஷா கமிஷன் பின்னால் பதிவு செய்தது. அப்போதே இதையெல்லாம் நீதிமன்றத்தில் கேட்க முடியவில்லை. ஜபல்பூர் வழக்கில் 1976 ஏப்ரல் 28-ல் நான்கு நீதிபதிகள், நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவே செல்லாது என்றார்கள். முடியாது என்று எழுதியவர் எச்.ஆர். கன்னா ஒருவர்தான். 2017-ல் அந்தரங்க உரிமை வழக்கில் அந்தப் பழைய தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே சொல்ல 41 ஆண்டுகள் ஆயின.

கையெழுத்திடுபவர் கலெக்டராகவோ மந்திரியாகவோ மட்டும் இருக்க வேண்டியதில்லை. நீதிபதியாகவும் இருக்கலாம். 1968 நவம்பரில் பீகாரின் லக்கிசராய் ரயில் நிலையத்தில் சோஷலிஸ்ட் தலைவர் மது லிமாயேயைப் போலீஸ் பிடித்தது. ஏன் பிடித்தார்கள் என்று அவருக்குச் சொல்லவில்லை. அவரைக் காவலில் வைக்க மாஜிஸ்ட்ரேட் உத்தரவுகள் போட்டுக்கொண்டே போனார். வழக்கமான பாணியில் எழுதப்பட்ட அந்த உத்தரவுகளைக் காட்டி, கைதிலுள்ள குறையைச் சரிக்கட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரபலமான தலைவர் என்பதால் அவருக்குச் சீக்கிரம் விடுதலை கிடைத்தது. பெயரில்லாதவர்கள் கதை வேறு. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிகள் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். ஒவ்வொருவருக்கும் ஒரு மாஜிஸ்ட்ரேட் கையெழுத்திட்டிருக்கிறார். பலருக்குப் பலமுறை.

அந்தக் கையெழுத்தை மனதில் வைத்துத்தான் 2014 ஜூலை 2-ல் அர்னேஷ் குமார் வழக்கில் சி.கே. பிரசாத், பினாகி சந்திர கோஷ் அமர்வு கட்டளைகள் போட்டது. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது ஏன் அவசியம் என்று போலீஸ் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை நிரப்பி, காரணங்களோடு தர வேண்டும். மாஜிஸ்ட்ரேட் அதைப் படித்து, தன் திருப்தியைப் பதிவு செய்த பிறகே காவலை அனுமதிக்க வேண்டும். மீறினால் போலீஸ் மீது துறை நடவடிக்கையும் நீதிமன்ற அவமதிப்பும். மாஜிஸ்ட்ரேட் மீது உயர் நீதிமன்றத்தின் நடவடிக்கை. வரதட்சணைக் கொடுமை வழக்கில் பிறந்த தீர்ப்பு என்பதால் அது பெண்களுக்கு எதிரானதா என்ற சர்ச்சையும் கூடவே பிறந்தது. இங்கே கவனிக்க வேண்டியது அதன் மொழி. 'மெக்கானிக்கலி' அதில் 'கேஷுவலி'யோடு கைகோத்து வருகிறது. வழக்கு டைரியில் சட்டப் பிரிவின் காரணங்களை எல்லாம் அப்படியே இறக்கிவைக்கும் போலீஸ் பழக்கத்தையும் அதே வினையடையால்தான் நீதிபதிகள் சாடினார்கள். ஒரிசா உத்தரவில் இருந்த அதே ஈ, 48 ஆண்டுகள் கழித்து.

தமிழ்நாட்டில் இந்தச் சொல்லுக்கு மிக அதிக வேலை தருவது குண்டர் சட்டம் என்று எல்லோரும் அழைக்கும் 1982-ம் ஆண்டின் 14-வது சட்டம். காலாவதியான மருந்துகளைப் புதியவை போல விற்றதாகச் சென்னையில் ஒருவர் மீது வழக்கு. கெட்டுப்போன மருந்தை விற்பவர் மீது யாருக்கும் அனுதாபம் வராது. 2010-ல் அவரைத் தடுப்புக் காவலில் வைத்த உத்தரவில், இதுபோன்ற வழக்குகளில் ஜாமீன் கிடைக்கிறது, எனவே இவரும் வெளியே வந்துவிடக்கூடும் என்று இருந்தது. எந்த வழக்கு? எந்த நீதிமன்றம்? யாருக்கு ஜாமீன்? எதுவும் இல்லை. 2011 ஏப்ரலில் மார்க்கண்டேய கட்ஜு தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு உத்தரவை ரத்து செய்தது. சாதாரணச் சட்டத்தின் கீழ் வழக்கு நடக்கட்டும். அதை விட்டு, விசாரணையில்லாமல் உள்ளே வைக்க ஒரு வாடிக்கை வாக்கியம் போதாது என்பது சாரம்.

நீதிமன்றமே ஓர் அதிகாரியை இயந்திரமாக்கிய கதையும் உண்டு. குஜராத்தில் ஒரு ஊழியர் மீது லஞ்ச வழக்குத் தொடர அனுமதி தராமல் துறைச் செயலாளர் இழுத்தடித்தார். ஒரு மாதத்துக்குள் அனுமதி தர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. செயலாளர் தந்தார். வழக்கு நடந்து தண்டனையும் ஆன பிறகு, 1997-ல் உச்ச நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்றது. அனுமதிக்கலாமா கூடாதா என்று யோசிக்கும் உரிமையை ஆணை பறித்துவிட்டது. தராவிட்டால் அவமதிப்பு வழக்கு வரும் என்ற நிலையில் போட்ட கையெழுத்தில் அவர் மனம் எங்கே இருக்கும் என்று கேட்டது. லஞ்சக் குற்றவாளி தப்பினாரே என்று ஆதங்கப்படுபவர்கள் இருப்பார்கள். ஆனால் இந்தத் தர்க்கம் ஆள் பார்த்து வளைவதில்லை.

அதிகாரிகள் பாடம் கற்காமல் இல்லை. கற்ற விதம்தான் வேடிக்கை. இப்போது பல உத்தரவுகள், ஆவணங்களைக் கவனமாகப் பரிசீலித்து என் மனதைச் செலுத்தி முழுத் திருப்தி அடைந்த பிறகே இதைப் பிறப்பிக்கிறேன் என்ற பொருள்படும் ஒரு வாக்கியத்தோடு வருகின்றன. அந்த வாக்கியம் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிறது. பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். எதிர்த் தரப்பும் சளைத்ததல்ல. எந்த ரிட் மனுவை எடுத்தாலும் உத்தரவு தன்னிச்சையானது, சட்ட விரோதமானது, இயந்திரத்தனமானது, மனதைச் செலுத்தாதது என்ற நால்வரும் வரிசையாக நிற்பார்கள், பொருந்துகிறதோ இல்லையோ. இயந்திரத்தனத்தைக் கண்டிக்கும் சொல்லே இயந்திரத்தனமாகிவிட்டது. நீதிமன்றங்களும் விலக்கல்ல. 2021-ல் ஒரு வழக்கில், கீழே தீர்ப்பாயம் எழுதியதை உயர் நீதிமன்றம் வெட்டி ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, அதனால் பக்கம் கூடுமே தவிர பிரச்னைக்கு விடை கிடைக்காது என்று டி.ஒய். சந்திரசூட் அமர்வு கடிந்துகொண்டது. 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே போய், மாவட்ட நீதிமன்றங்களில் தீர்ப்புக்கோ உத்தரவுக்கோ செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் முடிவை நம்பக்கூடாது என்று கொள்கையே வகுத்தது. மனிதர்கள் இயந்திரம்போல நடப்பதைத்தான் இத்தனை காலம் கண்டித்தார்கள். இப்போது இயந்திரத்தையே நேராகப் பெயர் சொல்லி விலக்க வேண்டியிருக்கிறது.

இத்தனை கண்டனமும் யாரைச் சுடுகிறது? ஓர் உத்தரவு இயந்திரத்தனமானது என்று நீதிமன்றம் சொன்னால் உத்தரவு போகும். உள்ளே இருந்தவர் வெளியே வருவார். குண்டர் சட்டத்தில் அதிகபட்சக் காவல் 12 மாதம். ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வந்து தீர்ப்பாவதற்குள் அதில் கணிசமான மாதங்கள் கழிந்துவிடுவது சகஜம். கையெழுத்திட்டவருக்குப் பெரும்பாலும் எதுவும் நேர்வதில்லை. 1980-ம் ஆண்டு தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் 16-வது பிரிவு, நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்காக அரசின் மீதோ அதிகாரி மீதோ வழக்குத் தொடர முடியாது என்கிறது.

நல்லெண்ணம் என்றால் என்ன என்பதற்கு இந்தியச் சட்டத்தில் இரண்டு அர்த்தங்கள் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒன்று: உரிய கவனமும் சிரத்தையும் இல்லாமல் செய்தது எதுவும் நல்லெண்ணத்தில் செய்தது ஆகாது என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 52-வது பிரிவு வரையறுத்தது. புதிய சன்ஹிதாவிலும் அது அப்படியே தொடர்கிறது. மத்தியச் சட்டங்களுக்குப் பொதுவான 1897-ம் ஆண்டு ஜெனரல் கிளாசஸ் சட்டம் அவ்வளவு கறார் இல்லை. நேர்மையாகச் செய்திருந்தால் போதும், கவனக்குறைவாகச் செய்திருந்தாலும் அது நல்லெண்ணம்தான் என்கிறது. அங்கே இருப்பதும் ஓர் ஆங்கில வினையடைதான்: 'நெக்ளிஜென்ட்லி'.